இரண்டாவது முழங்கால்

"வலிக்கவே இல்லடி. அதுதான் வினையாப் போச்சு."

மாரெட்பள்ளி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அறுபதைத் தாண்டிய இரண்டு பெண்கள். பேசியவர் இரண்டு முழங்காலும் மாற்றிக்கொண்டவர். கேட்டவருக்குத் திங்கட்கிழமை ஆபரேஷன்.

"வலது காலுக்கு நான் போட்ட கூச்சல்ல, இவர் ஒரு மாசம் சமையல்கட்டை விட்டு வெளிய வரல. காபி கட்டிலுக்கே வந்துது."

"இடது காலுக்கு?"

"வேற டாக்டர். ஆபரேஷனுக்கு முன்னாடியே வலி மாத்திரை குடுத்துட்டார். அப்படிக் குடுத்தா அப்புறம் வலி அவ்வளவு தெரியாதாம். நிஜமாவே தெரியல. நானும் சிரிச்சுத் தொலைச்சேன். வீட்டுக்கு வந்த மறுவாரமே இவர், 'இன்னிக்கு என்ன டிபன்?'ங்கறார்."

"ஐயையோ, எங்க வீட்டுக்காரருக்கு காஸ் லைட்டர் எங்க இருக்குன்னே தெரியாது. எனக்கு அந்த மாத்திரை வேண்டாம்னு சொல்லிடவா?"

"நக்கோ, நக்கோ! அப்படிச் சொல்லிடாதே. மாத்திரையைச் சமத்தாப் போட்டுக்கோ. கத்தறதை மட்டும் விட்டுடாதே. எங்க, ஒரு தடவை கத்து, பாப்போம்."

"அம்மா..."

"இது பக்கத்து ரூமுக்கே கேக்காது. வயித்துலேர்ந்து வரணும்."

இரண்டாவது தடவை, டிரைவர் பிரேக் போட்டுவிட்டார்.