தங்கை பாலில் கலந்தது

அந்த சீரியல் முதல் வருடம் நன்றாகத்தான் இருந்தது, டாக்டர். அதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஒரு அக்கா, ஒரு தங்கை, அப்பா விட்டுப்போன மளிகைக் கடை, அதன் மேல் சித்தப்பாவுக்கு ஒரு கண். கதை கதையாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு அக்காவாக நடித்தவள் பாதியில் விலகிக்கொண்டாள். லாரி மோதி முகம் மாறிவிட்டது என்று வேறொருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எங்கள் மாடிவீட்டு நர்ஸ் அன்றைக்கே கேட்டாள், "லாரி மோதினா முகம் மாறும், சரி. ஆளு நாலு அங்குலம் வளருமா?"

நீங்கள் கேட்டது சீரியலைப் பற்றி இல்லை, தெரியும். ஸ்கேனைக் கையில் வைத்துக்கொண்டு, ஏன் இத்தனை வருடம் கழித்து வருகிறீர்கள் என்று கேட்டீர்கள். ஆனால் சீரியலிலிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும். என் அக்கா அந்தக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கிறாள். உங்கள் உதவிக்கு இருக்கும் பெண் அவள் காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்லியிருக்கிறாள். அக்கா அழுத்தவில்லை. நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாம் நிதானமாகப் பேசலாம்.

பெரிய டிவி எங்கள் முன்னறையில்தான் இருக்கிறது. சாயங்காலமானால் நர்ஸ் இறங்கி வருவாள். பக்கத்துவீட்டில் பஸ் கண்டக்டராக இருக்கும் பெண் சீருடையைக்கூட மாற்றாமல் வந்து உட்காருவாள். கீழே கடை வைத்திருக்கும் தையல்காரர் சீரியல் பார்ப்பதில்லை; சும்மா காற்றுக்காக எங்கள் வாசலில் நிற்கிறவர். ஆனால் ஒரு காட்சியைத் தவறவிட்டால் மறுநாள் அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சீரியல் எங்கே கெட்டுப்போனது என்பதுதான் அவர்களுடைய ஓயாத சண்டை. முகம் மாறியபோதே போயிற்று என்பாள் நர்ஸ். இல்லை, செத்துப்போன சித்தப்பா சாமியாராகத் திரும்பி வந்தபோதுதான் என்பாள் கண்டக்டர். எழுதுகிறவருக்கே கதை மறந்துவிட்டது என்று இருவரும் ஒத்துப்போவார்கள். தையல்காரர் வாசலிலிருந்தபடியே சொல்வார், "துணி தீர்ந்த பிறகும் தைச்சிட்டே இருந்தா இப்படித்தாம்மா."

அக்கா மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டாள். "போங்கடீ, இப்பத்தான் கதை சூடு பிடிச்சிருக்கு" என்பாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது வேறு கதை.

அக்கா பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்கிற வேலையில் இருந்தவள். அவள் குரலைக் கேட்டு ஊரே மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும். வீட்டிலும் அப்படித்தான். என்னைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கும் அவளே பதில் சொல்லிவிடுவாள். நான் எப்போதும் அவள் பின்னால் நிற்பேன். எனக்கு வீட்டில் 'வால்' என்று பெயர். எனக்கு அதில் வருத்தமில்லை. வாலுக்கு ஏது வருத்தம்.

மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்து எழுந்தபோது அவளுக்கு இரண்டு காதும் போயிருந்தது. பேச்சு போகவில்லை. அவள் பேசுவாள், நாம் சொல்வதுதான் அவளுக்குப் போய்ச் சேராது. தொடக்கத்தில் எல்லோரும் எழுதிக் காட்டினார்கள். மனிதர்களுக்கு எவ்வளவு சீக்கிரம் கை வலிக்கிறது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். "நீயே சொல்லிடும்மா" என்று என்னிடம் விட்டுவிட்டார்கள். நான் உதட்டை மெதுவாக அசைப்பேன், கையால் காட்டுவேன். நாளாக ஆக எங்களுக்குள் ஒரு பாஷை உண்டாகிவிட்டது. கன்னத்தைத் தொட்டால் சீரியல் அக்கா, சுண்டுவிரலைக் காட்டினால் தங்கை, மீசையைத் தடவினால் சித்தப்பா. வேறு யாருக்கும் அது புரியாது.

அவள் நாள் முழுக்க என் முகத்தையே பார்ப்பாள். ஒருவர் நம் முகத்தை அப்படிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா, டாக்டர்? எனக்கு அதுவரை தெரியாது.

ஒருநாள் சீரியலில் தங்கை பாலில் விஷம் கலந்தாள். நல்லவளாக இருந்தவளை எந்தக் காரணமும் இல்லாமல் வில்லியாக்கிவிட்டார்கள். நர்ஸும் கண்டக்டரும் டிவியைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா என் பக்கம் திரும்பி, "என்னடி கலக்குறா?" என்றாள்.

மருந்து என்றேன்.

அன்றிலிருந்து அந்த அறையில் இரண்டு சீரியல்கள் ஓடின. அவர்களுடையதில் தங்கை சொத்துக்காகக் கூடப்பிறந்தவளை அணுஅணுவாகக் கொன்றுகொண்டிருந்தாள். என்னுடையதில் தங்கை யாருக்கும் தெரியாமல் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். வாயசைவுக்கும் கண்ணீருக்கும் பொருந்துகிற மாதிரி வசனம் யோசிப்பது லேசான வேலை இல்லை. லாரி மோதியதற்குக்கூட நான் ஒரு நியாயம் சொன்னேன். கதையை விழாமல் தூக்கி நிறுத்தினேன்.

"தங்கச்சின்னா இப்படி இருக்கணும்" என்று அக்கா ஒருநாள் வாய்விட்டுச் சொன்னாள். மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஏன் என்று கேட்டாள். அழுகிறார்கள், மனசு இளகிப்போய்விட்டதாம் என்று காட்டினேன். கண்டக்டர் என்னிடம், "காய்ச்சல் காதோட நிக்கலை போலிருக்கு, புத்தியையும் கொஞ்சம் தின்னுடுச்சு" என்றாள். நான் மறுக்கவில்லை. பிறகு அவர்கள் அவளிடம் நேராகப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

போன மாதம் நர்ஸ் புது போன் வாங்கினாள். அதில் சீரியல் பார்த்தால் வசனமெல்லாம் படத்துக்குக் கீழே எழுத்தாக ஓடுகிறது. நான் கடைக்குப் போயிருந்த நேரம் அதை அக்கா கையில் கொடுத்திருக்கிறாள். திரும்பி வந்தபோது அக்கா பழைய எபிசோடுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து கேட்டாள், "பால்ல என்னடி கலந்தா?"

சத்தமாகக் கேட்கவில்லை. அவளுக்குத் தன் சத்தம் தெரியாது, ஆனாலும் அன்றைக்கு மெதுவாகத்தான் கேட்டாள்.

நர்ஸ் புத்திசாலி. சீரியலோடு அவள் நிற்கவில்லை. காய்ச்சல் வந்தபோது டாக்டர் என்ன சொன்னார் என்று அக்காவிடம் எழுதிக் கேட்டிருக்கிறாள். பிறகு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இங்கே நேரம் வாங்கிவிட்டாள்.

அந்த டாக்டர் சொன்னதைச் சொல்கிறேன். இந்தக் காய்ச்சல் வந்தவர்களுக்குக் காதின் உள்ளே எலும்பு வளர்ந்து வழியை அடைத்துவிடும், அதற்குள் அறுவைச் சிகிச்சை செய்து கருவி வைத்துவிட்டால் நன்றாகக் கேட்கும் என்றார். செலவை அவளுடைய அலுவலகமே ஏற்கும் என்றார். "மாசக்கணக்குல தள்ளிடாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார். எழுதிக் காட்டட்டுமா என்று பேனாவை எடுத்தார். நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

வெளியே நடையில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னடி சொன்னார்?" என்றாள். ஒன்றும் செய்ய முடியாதாம் என்றேன். நான் இருக்கிறேன் என்றேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அதற்கு முன் அவள் என் மேல் சாய்ந்ததே இல்லை.

அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் அதற்கும் அடுத்த வாரம். ஆனால் மறந்துவிட்டேன், புரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அது உண்மையாகாது. உள்ளே எலும்பு வளர்ந்துகொண்டிருப்பது எனக்கு நன்றாகத் தெரியும். மத்தியானம் அவள் தூங்கும்போது சில சமயம் காதுக்குப் பின்னால் விரலை வைத்துப் பார்ப்பேன். வெளியே எதுவும் தெரியாது. மிருதுவாக, வெதுவெதுப்பாக இருக்கும்.

இப்போது ஸ்கேனைப் பார்த்து, வழி முழுக்க அடைபட்டுவிட்டது, இனி கருவி வைத்தும் பெரிய பலன் இருக்காது என்கிறீர்கள். சரி. அப்படி அவள் எதைக் கேட்காமல் போனாள் என்றும் பாருங்கள். அந்த சீரியல் வசனத்தையா? புத்தியைத் தின்றுவிட்டது என்று கண்டக்டர் சொன்னதையா? என்னிடமிருந்து அவளுக்கு ஒரு கெட்ட வார்த்தை போய்ச் சேர்ந்ததில்லை.

பரிசோதனை முடிந்துவிட்டது போலிருக்கிறது. வருகிறாள். உங்கள் பக்கத்தில் போய் உட்காருகிறாள், பார்த்தீர்களா? ஒரு மாதமாக இப்படித்தான், என் முகத்தைப் பார்ப்பதில்லை. கோபம். வடிந்துவிடும்.

பேனாவை வைத்துவிடுங்கள், டாக்டர். இதையெல்லாம் எழுத்தில் படித்தால் உடைந்துபோவாள். கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், நானே சொல்லிக்கொள்கிறேன். நான் சொன்னால்தான் அவளுக்குப் புரியும்.