மோட்டார் சைக்கிளுக்கு ஒரு படங்கு

மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்ட மகனை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வண்டிப்பெரியாரில் ஏலப்பாறை பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தம்பதி பேசிக்கொண்டு வந்தார்கள்.

“நாளைக்குப் படங்கு கட்டிக்கிட்டுத்தான் நீங்க மோட்டார் சைக்கிள்ல ஏறணும்” என்றாள் அவள்.

படங்கு என்பது கொழுந்து எடுக்கும் பெண்கள் நனையாமலிருக்க இடுப்பில் சுற்றிக்கொள்ளும் முரட்டுத் துணி. கணவன் பதறிப்போனான்.

“ஏ புள்ள, மெல்லப் பேசு. ஆபீஸ் தபால் கொண்டு போறவன் படங்கோட போனா, முதுகுல கூடையையும் மாட்டி விட்டுருவானுக.”

“போன வாரம் செயின்ல வேட்டி மாட்டி விழுந்தீகளே, அப்ப மட்டும் அவனுக சிரிக்கலையாக்கும்?”

“ஆபீஸ்ல நிக்கர் தாரேன்னிருக்காங்க.”

“அது தொடையோட நின்னுரும். தோலு உரிஞ்சது முழங்கால்லல்லா?”

“மேனேஜர் துரைக்கு முட்டு வரைக்கும் தோல் பூட்ஸு. நான் அதுக்கு எங்க போக?”

“அதான், படங்கை வெட்டிக் காலுசட்டையாத் தச்சுட்டேன். முட்டுக்கு மட்டும் மூணு மடிப்பு.”

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவன் முழங்கால் பக்கத்தை விரலால் அமுக்கிப் பார்த்தான்.

“இது உன் படங்குல்லா? மழையில நீ எதைக் கட்டுவ?”

“நான் நனைஞ்சா சாயங்காலம் அடுப்புகிட்ட உக்காந்து காஞ்சுக்கிடுவேன். நீங்க போட்டுப் பாருங்க.”

பஸ் வளைவில் திரும்பியது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க, வேட்டிக்கு மேலேயே அவன் ஒரு காலை உள்ளே விட்டான்.