பேர் பதிந்த ஆள்

எங்கள் லயத்து வீட்டில் காலை வெயில் நேராக வாசலில் விழும், ஐயா. இந்த மூணாறு மலையில் அப்படி வீடு அமைவது லேசில்லை. பக்கத்து வீட்டு ராமுத்தாய்க்கு அதில் ரொம்ப நாளாகவே பொறாமை.

வீடு எங்களுடையதில்லை, எஸ்டேட்டுடையது. முட்டி தேய்ந்து எனக்குத் தேயிலை பறிக்க மலையேற முடியாமல் போயிற்று. வீட்டிலிருந்து இன்னொருவர் பேரை ஆபீசில் வேலைக்குப் பதிந்தால் அங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். மகள் சாந்தம்மாள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். இறங்கி எங்கே போவது? திருநெல்வேலியில் எனக்கென்று ஊர்ப் பேர் மட்டும்தான் மிச்சம்.

மகன் சுருளிவேல் பாலக்காட்டில் காலேஜில் படித்தான். எங்கள் லயத்திலிருந்து போன முதல் பிள்ளை. பெருமையாகத்தான் இருந்தது. "படிப்ப முடிச்சதும் ஒங்க ரெண்டு பேரையும் பாலக்காட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருதேன் யம்மா" என்பான். மகன் வீட்டில் ஒண்டிக்கொண்டு கிடக்க எனக்கு மனமில்லை.

எமர்ஜென்சி வந்த வருஷம், கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தவன் முகம் வாடியிருந்தது. ஹாஸ்டலில் எல்லாரும் அப்பன் உத்தியோகத்தைப் பேசும்போது இவன் எழுந்து வெளியே போய்விடுவானாம். பரீட்சை பயம் வேறு. தூக்கம் வரவில்லை என்றான்.

நான் மெதுவாகச் சொன்னேன். "ஒங்கய்யாவுக்கும் இப்படித்தாம்லே தொடங்குச்சு."

அப்பா புத்தி பேதலித்து, தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியை என்மேல் ஓங்கி, கடைசியில் அணையில் விழுந்தார் என்று அன்றைக்குத்தான் அவனிடம் சொன்னேன். பிள்ளை அதையே திரும்பத் திரும்பக் கேட்டான்.

அப்புறம் ஒவ்வொரு லீவிலும் கொஞ்சம் கொஞ்சமாக. நான் குடித்த டீ கிளாஸை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, "இப்பத்தானலே குடிச்ச, மறந்துட்டியா?" என்பேன். அவன் செருப்பைக் கோழிக்கூட்டில் போட்டுவிட்டு நானும் கூடவே தேடுவேன். அடித்ததில்லை, திட்டியதில்லை. காலேஜில் அவனுக்குப் பாடம் ஏறவில்லை. அப்பாவின் நோய் தனக்கும் வந்துவிட்டதென்று வாத்தியாரிடம் அழுதானாம். கடைசியில் பெட்டியோடு வந்து நின்றான். மறுநாளே பேர் பதிந்தோம். அன்று எனக்கிருந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

உடம்பு வேலைக்குப் பழகினால் மனசும் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவனோ தினமும் வேலை விட்டு வந்ததும் கவாத்துக் கத்தியை என்னிடம் நீட்டுவான்.

"ஒளிச்சு வையி யம்மா. எனக்கு எம்மேலயே நம்பிக்கையில்ல."

நானும் வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் வைப்பேன். எல்லாம் பொய்யப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் திரும்பவும் காலேஜுக்குப் போய்விடுவானே.

போன வாரமும் அப்படித்தான் கத்தியைக் கொடுத்தான். கொடுத்துவிட்டு அணைப் பக்கம் நடந்தான்.

அவன் அப்பா கை ஓங்கியதே இல்லை, ஐயா. வேறொரு எஸ்டேட்டில் மரம் வெட்டும்போது மரம் சாய்ந்து செத்தார். சுருளி அப்போது இடுப்புப் பிள்ளை, சாந்தம்மாள் வயிற்றில். அந்த மனுஷனுக்கு இருந்த தெளிவு எனக்குக்கூடக் கிடையாது.

விசாரணையைச் சீக்கிரம் முடித்துவிடுங்கள். பேர் பதிந்த ஆள் இல்லாமல் வீட்டில் இருக்க விடமாட்டார்கள். சாந்தம்மாளும் காலேஜ் போக வேண்டும் என்கிறாள். அண்ணன் போனதிலிருந்து பாவம், அவளுக்கும் தூக்கமில்லை. இன்று காலையில் நான் ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது, அவள் பக்கத்தில் காலி டீ கிளாஸ் ஒன்றை வைத்துவிட்டுத்தான் வந்தேன்.