தூக்கிய கை

கூலாயிலிருந்து ஜொகூர் பாரு போகும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் அறுபதைத் தாண்டிய இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் மருத்துவமனையில் சேரப் போகிறார்; மடியில் துணிப்பை. திடீரென்று சொன்னார்:

"ஸ்டெல்லா, நான் இன்னும் சரியா ரட்சிக்கப்படலையோன்னு இருக்கு."

"அலமாக்! சின்ன வயசுல செடெனாக் தோட்டத்துல எந்தக் கூட்டம் போட்டாலும் மொதல்ல கை தூக்குனது நீதானே? ஏசுவ ஏத்துக்கிறவங்க கை தூக்குங்கன்னு பாஸ்டர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள தூக்கிருவ. நான்தான் புடிச்சு இழுப்பேன்."

"எல்லாரும் கண்ண மூடியிருப்பாங்க. போன கூட்டத்துல தூக்குனது சேர்ந்துச்சோ இல்லையோன்னு பயம்."

"பாஸ்டர் மேடையிலேர்ந்து சொல்லுவாரே, நீலப் பாவாட தங்கச்சி, ஒன் கையப் பாத்துட்டேன்னு."

"பாஸ்டர் பாத்தாரு லா. நான் மேல உள்ளவரச் சொல்றேன்."

இருவரும் சிரித்தார்கள்.

"கூட்டம் முடிஞ்சு டின் கோப்பையில தேத்தண்ணி குடுப்பாங்களே. அந்த ருசி இப்ப எங்க கெடைக்குது?"

"அது சரி. நாளைக்கு எனக்கு ஆபரேஷன். மயக்க ஊசி போட்டுட்டா கைய தூக்கக்கூட முடியாது, ஸ்டெல்லா."

ஸ்டெல்லா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தன தடவ தூக்குன கைய அவருக்குத் தெரியாதா?"

மருத்துவமனை நெருங்கியதும் ஸ்டெல்லா, பேருந்தை நிறுத்தச் சொல்லும் மணியை அழுத்தினார். டிரைவர் தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. ஜன்னலோரத்தவரும் கையைத் தூக்கினார்.

"எரியுது லா. டிரைவர் பாத்துட்டாரு."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, அவரும் அழுத்தினார்.