துணைத் தலைவருக்கு மேலே

இல்லை, ஐயா. தவமலரைப் பதவி இறக்கவில்லை. ஏற்றினார்கள்.

மன்னியுங்கள், மைக் திறந்திருக்கிறது. குணாளன் ஐயா என் காதில் கேட்டதற்குப் பதில் சொன்னேன். கோயில் தலைவராகிய அவருக்கும், இந்த ரிங்லெட் மலையூர் மக்களுக்கும், முன்வரிசையில் இருக்கும் தவமலரின் தாயார் பவளம் அம்மாவுக்கும் என் வணக்கம்.

நான் ரூபினி. கோலாலம்பூரில் தவமலருக்குக் கீழே வேலை செய்தவள். அவர் இல்லாமல் நான் பேசும் முதல் கூட்டம், அவருடைய இந்த நினைவுக் கூட்டம். இருந்திருந்தால், சீக்கிரம் முடி என்றிருப்பார்.

எங்களுடையது முதலீட்டு வங்கி. பணம் போட, எடுக்க யாரும் வருவதில்லை. ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும்போது நடுவில் நின்று பேசி முடிப்போம். ஒருமுறை இரண்டு முதலாளிகள் முறைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். தவமலர் தேநீர் வரவழைத்தார். தன் கோப்பை தீரும்வரை வாய் திறக்கவில்லை. இருவரும் உட்கார்ந்தார்கள். வேறு யாரால் முடியும் அது?

அவர் துணைத் தலைவர் ஆனபோது இங்கே பேனர் கட்டினீர்கள். உறுமி மேளம் வைத்தீர்கள். எவ்வளவு அழகான தவறு! எங்கள் வங்கியில் துணைத் தலைவர்கள் ஒரு மாடி நிறைய இருந்தார்கள். அதை அவர் உங்களிடம் சொல்லவில்லை. மேளத்தை நிறுத்த மனம் வரவில்லையாம்.

பல வருடம் கழித்து மேனேஜிங் டைரக்டர் ஆனார். அதற்கு மேலே மிகச் சிலர்தான். இங்கே உங்கள் காதில் என்ன விழுந்தது? மேனேஜர். பக்கத்து ஊர் பிரிஞ்சாங் வங்கியில் இருப்பாரே, அவரைப் போல. பேனர் இல்லை. மேளம் இல்லை. தாயாருக்கு ஆறுதல் சொன்னீர்கள்.

தவமலர் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று. அம்மா பெருமைப்பட வேண்டும்.

அம்மா வந்தார். பஸ் ஏறி, சண்டை போட. நான் தவமலரின் அறையில் கோப்புகளோடு நின்றிருந்தேன்.

"எந்தத் துரை உன்னை இறக்குனான்? கூப்புடு லா, நான் பேசுறேன்."

"இங்க நான்தாம்மா துரை."

அம்மா நம்பவில்லை. நாற்காலியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைக் காட்டினார்.

"இந்தப் பிள்ளை யாரு?"

"அனலிஸ்ட்மா."

"அது வேலை. பேரு?"

தவமலர் என் பக்கம் திரும்பினார். தேயிலைக் கொழுந்து எடுத்த காலமெல்லாம் தன் பெயர் தெரிந்த ஒரு தோட்டத் துரையைக்கூட அம்மா பார்த்ததில்லை.

"தெரியாதா? அப்ப நீ துரைதான் லா."

இப்போது நீங்கள் சிரிப்பது போலவே நாங்கள் மூவரும் சிரித்தோம். முதலில் நிறுத்தியவர் தவமலர்.

இந்த மலைப் பிள்ளைகள் வேலை பழக எங்கள் அலுவலகத்தில் ஆண்டுதோறும் இடம் வாங்கித் தந்தார் அவர். அந்த இடம் இனியும் இருக்கும். பக்கத்துக் கம்போங் ராஜா ஊரிலிருந்தும் அனுப்புங்கள். நாங்கள் இருக்கிறோம்.

அன்று அம்மாவைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிய தவமலர் தன் அறைக்குப் போகவில்லை. என் மேசைக்கு வந்து பெயர் கேட்டார். பிறகு அடுத்த மேசைக்குப் போனார்.