லேமினேட் செய்த கடிதம்

2021 ஆகஸ்ட் 26. வியாழன். மாலை ஆறே முக்கால்.

"குனி. பின்னால் போ. பின்னால் போ."

போனுக்குள் யாரோ கத்துகிறார்கள். காபூல் விமான நிலையச் சுவரை ஒட்டிய சாக்கடைக் கால்வாயில் நசீம் நிற்கிறார். முழங்காலுக்கு மேல் தண்ணீர். மனைவியையும் இரண்டு மகள்களையும் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுத் தனியே வந்திருக்கிறார். கையிலிருக்கும் விசா சிபாரிசுத் தாளைச் சிப்பாய்கள் ஏற்றுக்கொண்டால் அவர்களைக் கூட்டி வரலாம்.

நான் சின்னாளப்பட்டியில், என் வீட்டு மொட்டை மாடியில். கையில் டீ. இந்தப் போரில் என் நிலை அதுதான்.

பக்கத்து வீட்டில் தறிச் சத்தம். போனில் துப்பாக்கிச் சத்தம். இரண்டும் நிற்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவான அரைகுறை இந்தியில் நசீம் சொல்கிறார். சிப்பாய் ஜெராக்ஸ் வேண்டாம் என்கிறான். ஒரிஜினல் கேட்கிறான்.

ஒரிஜினல் என் பீரோவில் இருக்கிறது. என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்கு மேலே.

ஆறு வருடம் காபூலில் அமெரிக்க முகாமொன்றில் சலவைப் பிரிவு மேற்பார்வையாளனாக இருந்தேன். அதற்கு முன் உள்ளூர்ச் சாயப்பட்டறை. சாயம் ஏற்றத் தெரிந்தவனுக்குக் கறை எடுக்கவும் தெரியும் என்று அமெரிக்கர்கள் நம்பினார்கள். அங்கே அவர்கள் நம்பியவற்றில் ஓரளவு பலித்தது அது ஒன்றுதான்.

நசீம் என் பிரிவில் இஸ்திரி போட்டார். முதல் ராக்கெட் வந்த அன்று சைரன் அலறியது. நான் இயந்திரத்தின் அருகே உறைந்து நின்றேன். அவர் என் காலரைப் பிடித்து இழுத்துப் பதுங்கு குழியில் தள்ளினார். நான் நின்ற இடத்துக்கு மேலே பிறகு கூரை இல்லை. இதை எழுத நான் இருப்பது அதனால்.

முகாமில் அமெரிக்க வரலாற்றின் திருப்புமுனைகளைப் பற்றி ஒரு தடிப் புத்தகம் கிடந்தது. விடுதலைப் போர், உள்நாட்டுப் போர், இரட்டைக் கோபுரம். முழுக்கப் படித்தேன். அடுத்த திருப்புமுனைக்கு நாங்கள்தான் துணி துவைத்துக்கொண்டிருந்தோம் என்பது உறைக்கவில்லை.

2021 ஜூனில் முகாமில் ஆட்களைக் குறைத்தார்கள். போகும்முன் அமெரிக்க அதிகாரி ஒருவர் நசீமுக்குக் கடிதம் கொடுத்தார். எங்களிடம் உழைத்தார், உயிருக்கு ஆபத்து, விசா கொடுங்கள். நீல மையில் கையெழுத்து. ஒரே தாள். ஓரம் அதற்குள் சுருண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. நம் ஊரில் லேமினேட் செய்யாத சான்றிதழை யார் மதிக்கிறார்கள்? நான் விடுமுறையில் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஊரில் போட்டு எடுத்து வருகிறேன், இருபதே நாள் என்றேன். நசீம் தயங்கினார். நான் மேற்பார்வையாளன். கொடுத்துவிட்டார். அவருக்கு ஒரு ஜெராக்ஸ் கொடுத்தேன்.

திண்டுக்கல்லில் ஊரடங்கு. ஜூலையில்தான் கடை திறந்தது. கடைக்காரர் சூடு ஆறாத தாளைத் தட்டிக் காட்டினார்.

"அண்ணே, இனி இதக் கிணத்துல போட்டாலும் ஒண்ணும் ஆகாது. நம்ம போயிருவோம், இது கெடக்கும்."

என் நிறுவனம் காபூலுக்குத் திரும்ப வர வேண்டாம் என்றது. என் மனைவி செல்விதான் சொன்னாள்.

"பேசாம கூரியர்ல போட்டு விடுங்க. அந்த மனுசன் காத்துக் கெடப்பாரு."

"ஒரிஜினல எவனாச்சும் கூரியர்ல போடுவானா?"

"ஆமா. அம்புட்டு வெவரம் உங்களுக்கு."

ஆகஸ்ட் 15. காபூல் விழுந்தது. மறுநாள் கூரியர் அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்தார். "அந்த ஊருக்கு இப்ப எடுக்கிறதில்ல சார்."

மீண்டும் மொட்டை மாடி. ஜெராக்ஸ் நனைந்து கூழாகிவிட்டது என்கிறார் நசீம். கீழே ஓடுகிறேன். கடிதத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன். பிளாஸ்டிக்கில் டியூப் லைட் பளபளக்கிறது. இன்னொன்று எடுக்கிறேன். இரண்டு டிக் விழுகிறது.

ஆறு ஐம்பது இருக்கும். ஒரு சத்தம். இடி மாதிரி இல்லை. இரும்புக் கதவை அறைந்து சாத்தியது மாதிரி. பிறகு போனில் எதுவும் இல்லை. தறி ஓடிக்கொண்டிருந்தது.

செப்டம்பரில் அவருடைய மூத்த மகள் குரல் செய்தி அனுப்பினாள். அப்பாவை அடக்கம் செய்துவிட்டார்களாம். என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. அப்பாவின் கடிதம் பத்திரமா என்று மட்டும் கேட்டாள்.

பத்திரம் என்றேன்.

இழந்தவை: நசீம், வயது நாற்பத்து மூன்று. நால்வர் ஏற வேண்டிய ஒரு விமானம். மூத்தவளின் பள்ளிக்கூடம், வளர்ந்த பெண்களுக்கு அது மூடப்பட்டது. இளையவளுக்கும் அந்த வயது வந்தது, அவளுடையதும். நீலமாகாத இரண்டு டிக்.

என் பக்கம் சேதம் இல்லை. கடிதத்தில் ஒரு கீறல்கூட இல்லை.