பேர் கேட்ட பிறகு காத்திருக்க வேண்டும்

மாலை ஏழேகால் மணி. கொழும்புத்துறையில் கடலோரமாகப் போகும் வீதி. ஒரு பக்கம் சேற்று நாற்றம், மறு பக்கம் பனை. ஒரேயொரு ஸ்கூட்டி வருகிறது... ஓட்டுபவர் துஷாந்தினி அக்கா. நம்மோடு இந்த ஆஸ்பத்திரி விடுதியில் தாதியாக வேலை செய்யும் கீர்த்திகாவின் ஒன்றுவிட்ட அக்கா. சிரிக்கிறவர்கள் இப்போதே எழும்பிப் போகலாம். தனியாகப் போவீர்களோ, பார்ப்போம்.

பத்தொன்பது வருடம் சத்திரசிகிச்சை விடுதியில் தாதி. கண்ணை மூடிக்கொண்டு ஊசி போடுவார். இப்போது முதுகெலும்பு தேய்ந்துவிட்டது. நோயாளரைத் தூக்க முடியாது. அதனால்தான் தாதியருக்குப் படிப்பிக்கிற ஆசிரியையாகப் பயிற்சிக்கு வந்தார். கடைசிப் பரீட்சை, மூன்று பரீட்சகர்களுக்கு முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்டுவது. முதல்முறை... பெயில்!

ஏன் தெரியுமா? கை எல்லாம் செய்தது, வாய் ஒன்றையும் விளக்கவில்லை. போதாக்குறைக்கு, நோயாளிக்குப் பதிலாகக் கட்டிலில் கிடத்தியிருந்த றப்பர் பொம்மையைப் பார்த்து, பழக்கதோஷத்தில், "பத்தாம் கட்டில், கையை நீட்டுங்கோ" என்றிருக்கிறார். நாமும் அப்படித்தானே கூப்பிடுகிறோம்? பொய் சொல்லாதீர்கள்.

பெரிய பரீட்சகர் சுகிர்தம் மிஸ். சரியான நெருப்பு. "நோயாளிக்குப் பேர் இல்லையோ? பேரைக் கேக்கவேணும். அவை சொல்லுமட்டும் நிண்டு கேக்கவேணும். இன்னும் ஒருக்காத்தான் விடுவன். அதிலும் உப்பிடி எண்டால் நீர் திரும்ப விடுதிக்குத்தான்."

அந்த இரண்டாம் முறைப் பரீட்சைக்கு முதல்நாள் மாலைதான் அக்கா ஸ்கூட்டியில் வந்தது. காவலாளியிடம் திறப்பை வாங்கி, பயிற்சி அறையைத் திறந்தார். டெட்டோல் மணம். மின்விசிறி... டக்... டக்...

"அம்மா, உங்கடை முழுப்பேரைச் சொல்லுங்கோ."

பொம்மையிடம் கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுவார். பிறகு ஊசி. ஒருமுறை சரி. இரண்டாம் முறையும் சரி. மூன்றாம் முறை, நாலு எண்ணும்போது...

கர்... கர்...

தொண்டையில் சளி இழுக்கிற சத்தம். எந்த நேரத்தில் அப்படி இழுக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கூடவே பழைய புண்துணி நாற்றம், வேப்பெண்ணெய் நாற்றம். பொம்மையின் வாய் அசையவில்லை. ஆனால் நோயாளர் தாதியைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு குரல்.

"பத்தாம் கட்டில், மிஸி."

ஐயோ! கைப்பையும் இல்லை, செருப்பும் இல்லை, வெளியே வந்துவிட்டார். எப்படி வீடு போய்ச் சேர்ந்தார் என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது.

இரவு முழுக்க யோசித்தாராம். பத்தாம் கட்டிலில் கிடந்தது யார்? பத்தொன்பது வருடத்தில் எத்தனை பேர்! ஒரு முகமும் வரவில்லை, ஒரு பேரும் வரவில்லை. பயத்தைவிட அதற்குத்தான் கூடுதலாக அழுதவர் என்று கீர்த்திகா சொன்னாள்.

விடிந்தது. பரீட்சை. பேரைக் கேட்டால்... என்ன பதில் வரும்? கேட்காவிட்டால் பெயில். இந்த முதுகோடு இன்னும் பத்து வருடம் விடுதியில் நிற்க வேண்டும். அதே பொம்மை, அதே கட்டில். கேட்டார்.

"அம்மா, உங்கடை முழுப்பேரைச் சொல்லுங்கோ."

ஒன்று... இரண்டு... மூன்று... நாலு... ஐந்து.

ஒன்றுமில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. அதன் பிறகு அக்கா ஒரு படியும் விடாமல் மழை மாதிரிப் பாடம் நடத்தினார். பாஸ்!

மத்தியானம் சுகிர்தம் மிஸ் கூப்பிட்டுப் புள்ளித்தாள்களைக் கொடுத்தார். மூன்று பேரும் ஒரே இடத்தில் இரண்டிரண்டு புள்ளி வெட்டியிருந்தார்கள்.

"ஏன் மிஸ், என்ன பிழை விட்டனான்?"

சுகிர்தம் மிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பாடம் திறம். ஆனால் கட்டிலிலை கிடந்த அந்த மனிசி துவக்கத்திலை இருந்து முடியுமட்டும் உம்மடை கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதா... ஒரு சொல்லு ஆறுதல் சொன்னனீரே பிள்ளை?"